திண்ணை வைத்த விமானம்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில் எங்கள் வீட்டில் வேறு வேலையே நடக்காது. நடுவீட்டில் பாயை விரித்து, புத்தகங்களையும் நோட்டுகளையும் அடுக்கி வைத்துக்கொண்டு அம்மா அட்டை போட உட்கார்ந்துவிடுவாள். ஒரு கிண்ணத்தில் மைதாப் பசை, ஒரு கத்தரிக்கோல், பக்கத்தில் சித்தப்பா கொடுத்தனுப்பிய ரஷ்யத் தாள் கட்டு. சித்தப்பாவுக்குக் கோவில்பட்டியில் மில் வேலை. சங்கத்து ஆபீசுக்கு வரும் ‘சோவியத் நாடு’ இதழ்களையும், அதுபோல வரும் மற்ற ரஷ்யப் பத்திரிகைகளையும் படித்து முடித்த பிறகு சேர்த்து வைப்பார். மே மாதக் கடைசியில் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து போடுவார்.

அந்தத் தாளின் அருமை அதைத் தொட்டவர்களுக்குத்தான் தெரியும். கையை வைத்தால் வழுக்கும். மடித்தால் சொன்னபடி கேட்கும். மழையில் நனைந்தால்கூடத் துடைத்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். மூக்கருகே கொண்டுபோனால் மண்ணெண்ணெயும் புது மரமும் கலந்தது போல ஒரு வாசனை வரும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் புத்தகத்தின்மேல் கோதுமை வயலும் டிராக்டரும் இருக்கும். மீதிப் பேர் புத்தகத்தில் தலையில் துணி கட்டிய பாட்டிமார் சிரித்துக்கொண்டிருப்பார்கள். யாருக்கு என்ன படம் வரும் என்பது அம்மாவின் கையில் எந்தத் தாள் வருகிறது என்பதைப் பொறுத்தது. அக்காவுக்கு அந்த வருஷம் பனிச்சறுக்கு விளையாடும் பெண் வந்தாள். என் அறிவியல் நோட்டுக்கு வந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.

1979ஆம் வருஷம் அது. எனக்குப் பதினோரு வயது, ஆறாம் வகுப்பு.

முதலில் பார்த்தபோது அது விமானம் என்றே எனக்குத் தோன்றவில்லை. வெட்டவெளியில் ஒரு கண்ணாடி வீடு. வீட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு நீளமான பரண்கள், நடுவில் குச்சி குச்சியாகத் தாங்குகால்கள், குறுக்கும் நெடுக்கும் கம்பிகள். வீட்டுக்கு முன்னால், கைப்பிடிச் சட்டம் போட்ட ஒரு திண்ணை. திண்ணையில் தொப்பியும் நீளக் கோட்டும் போட்ட ஒரு மனிதர் நிற்கிறார். எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுத் திண்ணையில் நின்று சாமி ஊர்வலம் பார்ப்பவர்கள் எப்படி நிற்பார்களோ, அப்படி நிற்கிறார். பரணின் ஓரத்தில் காற்றாடி மாதிரி ஒன்று தெரிந்ததைப் பார்த்த பிறகுதான் இது பறக்கிற சாமான் என்று புரிந்தது.

படத்தின் அடியில் என்ன எழுதியிருந்ததோ, அதை அம்மாவின் கத்தரிக்கோல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்தது நான்கே எழுத்து. 1913.

பாட்டியிடம் காட்டினேன். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

“இது வீடா வண்டியாய்யா?”

“விமானம் பாட்டி.”

“விமானத்துக்கு எதுக்குத் திண்ண?”

எனக்கும் அதே கேள்விதான். எங்களுக்குத் தெரிந்த விமானம், களையெடுக்கும்போது தலைக்கு மேலே எங்கோ உயரத்தில் போகும் வெள்ளிப் பொட்டு. அதற்குள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம், பார்த்ததில்லை. இந்தப் படத்தில் ஒரு மனிதர் வெளியே நிற்கிறார். பறக்கும்போதும் அங்கேதான் நிற்பாரா? காற்று தள்ளிவிடாதா? அந்த வாரம் முழுக்க அறிவியல் வகுப்பில் நோட்டைத் திறந்ததைவிட மூடி வைத்துப் பார்த்ததுதான் அதிகம்.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. கடைக்காரர் விமானப்படையில் பதினைந்து வருஷம் தரைப் பணியாளராக வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘ஏர்போர்ஸ் சார்’ என்பதுதான் அவர் பெயர். மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, சீராக வெட்டிய மீசை. கடைக்குள் எப்போதும் ஈயம் உருகும் வாசனையும், பாதி பேசிப் பாதி கரகரக்கும் ஏதோ ஒரு ரேடியோவின் சத்தமும் இருக்கும். பேட்டரிக் கட்டை வாங்கப் போன சாக்கில் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் நோட்டை வாங்கி, மேசை விளக்கை இழுத்து வைத்து, ரேடியோவுக்குள் பார்க்கிற லென்சைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அடுப்பிலிருந்து எடுத்துவைத்த சூட்டுக்கோல் அப்படியே ஆறிப்போனது.

“எங்கலே கிடைச்சுது இது?”

“அட்டை போட்ட தாளு சார்.”

“இது சிகோர்ஸ்கி செஞ்சது. இகோர் சிகோர்ஸ்கி. பேர ‘ரஸ்கி வித்யாஸ்’னு சொல்லுவாங்க. ரஷ்ய மாவீரன்னு அர்த்தம். உலகத்துல நாலு இஞ்சின் வச்சுப் பறந்த முதல் விமானம் இதுதான்.”

பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து விளக்குக்குக் கீழே காட்டினார். “அந்தாளு கம்பெனி ஹெலிகாப்டர்ல இந்தக் கை வேலை செஞ்சிருக்கு.”

அது உண்மை. இந்திய விமானப்படை வாங்கிய முதல் ஹெலிகாப்டர்கள் 1954இல் வந்த எஸ்-55 வகை. அமெரிக்காவில் சிகோர்ஸ்கி தொடங்கிய நிறுவனம் செய்தவை. அதற்குப் பின்னால் 1960 வாக்கில்தான் ரஷ்யாவிலிருந்து மி-4 வந்தது. ஏர்போர்ஸ் சார் இரண்டையும் கழற்றி மாட்டியவர். ரஷ்யாவில் பிறந்த மனிதர் அமெரிக்காவில் போய் உட்கார்ந்து செய்த யந்திரத்தின் கிரீஸ், எங்கள் கரிசல்காட்டு மனிதர் ஒருவரின் நகக்கண்ணில் ஏறியிருக்கிறது. பதினோரு வயதில் எனக்கு இதன் கனம் தெரியாது. ஆனால் அந்தக் கைகளை அன்றைக்குப் பார்த்த மாதிரி அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“இது எவ்வளவு பெரிசு சார்?”

அவர் எழுந்து தெருவுக்கு வந்தார். “என் கடைப் படியில கால வை. ஒரு எட்டு ஒரு மீட்டர்னு வச்சுக்க. நல்லா எட்டி வச்சு 27 எண்ணு.”

எண்ணினேன். சோடாக்கடையைத் தாண்டி, தெருக்குழாயைத் தாண்டி, வேப்பமரத்தையும் தாண்டிப் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தால் அவர் கடைப் படியில் சின்ன உருவமாக நின்று, ஒரு கையை நீட்டிக் காட்டினார். மேல் இறக்கையின் ஒரு முனை அவர், மறு முனை நான். நடுவில் ஒரு மாட்டு வண்டி, இரண்டு சைக்கிள், குடம் வைத்திருந்த பெண்கள் எல்லாம் இருந்தார்கள். ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்தது 1903 டிசம்பரில். அதிலிருந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. உலகமெங்கும் விமானம் என்றால் ஒற்றை இஞ்சினும், ஒருவரோ இருவரோ உட்காரும் இடமும்தான். அந்தக் காலத்தில் இந்த மனிதர் நான் எட்டி எண்ணிய அகலத்துக்கு ஒன்றைச் செய்து, அதற்குள் பிரம்பு நாற்காலி போட்டு, மேசை போட்டு, கண்ணாடி ஜன்னல் வைத்து, முன்னால் திண்ணையும் வைத்திருக்கிறார். செய்த இடம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். ரயில் பெட்டி செய்கிற ருஸ்ஸோ-பால்டிக் தொழிற்சாலைதான் செய்து கொடுத்தது. அதன் தலைவர் ஷித்லோவ்ஸ்கி ஒரு சின்னப் பையனை நம்பி இத்தனை பெரிய காரியத்துக்குப் பணம் போட்டார். 1913 மே மாதம் அது முதலில் தரையை விட்டு எழும்பியபோது சிகோர்ஸ்கிக்கு 24 வயது நிரம்பவில்லை.

திண்ணையைப் பற்றிக் கேட்டேன். பறக்கும்போதும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நிற்கலாம் என்றார். ராத்திரிக்கென்று அங்கே ஒரு பெரிய விளக்கும் வைத்திருந்தார்களாம். வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்தான். “நம்ம பஸ்ஸுல படியில தொங்கிட்டுப் போறானே, அவன் மூஞ்சியில அடிக்கிற காத்தவிடக் கொஞ்சம் கூடுதல். கம்பியப் பிடிச்சுக்கிட்டா நிக்கலாம்.”

அதற்குப் பிறகுதான் அவர் கொசுக் கதையைச் சொன்னார்.

கீவ் நகரத்துப் பையன் சிகோர்ஸ்கி. அப்பா மனநல மருத்துவப் பேராசிரியர். 1909இல் முதன்முதலாக ஹெலிகாப்டர் செய்துபார்த்தார், எழும்பவில்லை. அடுத்த வருஷம் இன்னொன்று. அது தன் எடையைத் தூக்கியது, ஆளைத் தூக்கவில்லை. சரி, இதற்கு இன்னும் காலம் வரவில்லை என்று ஒதுக்கி வைத்துவிட்டு விமானத்துக்கு வந்தார். ஒன்று, இரண்டு என்று செய்துகொண்டே போனார். சில வினாடி பறந்தது, விழுந்தது, மறுபடி செய்தார். ஐந்தாவதாகச் செய்ததுதான் உருப்படியாகப் பறந்தது. 1911இல் அதில் போய்க்கொண்டிருக்கும்போது இஞ்சின் பட்டென்று நின்றுவிட்டது. கரடுமுரடான இடத்தில் அவசர அவசரமாக இறக்க வேண்டி வந்தது. விமானம் நொறுங்கியது, அவர் பிழைத்தார். ஏன் நின்றது என்று இஞ்சினைப் பிரித்துப் பார்த்தால், கார்ப்பரேட்டருக்குள் ஒரு கொசு. பெட்ரோலோடு போய் எண்ணெய் போகிற துவாரத்தில் அடைத்துக்கொண்டது.

“ஒரு கொசுல. ஒரே ஒரு கொசு. அன்னைக்குத்தான் அவருக்குத் தோணுச்சு, ஒத்த இஞ்சின நம்பி ஆகாசத்துக்குப் போகக்கூடாதுன்னு.”

அந்தக் கதையை நான் யாரிடம் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டுமோ அவரிடம் கொண்டுபோனேன். என் தாய்மாமன்.

மாமாதான் எங்கள் ஊருக்கும் பக்கத்து நாலு ஊருக்கும் ஆயில் இஞ்சின் மெக்கானிக். படித்தது ஐந்தாவது. கிணற்று மேட்டில் ஓலைக் கொட்டகைக்குள் பச்சை வண்ணம் அடித்து நிற்கும் அந்த ஐந்து குதிரைத்திறன் இஞ்சினின் சத்தத்தைக் கரையில் உட்கார்ந்தபடியே கேட்டு, டீசல் சரியாகப் போகிறதா, பெல்ட் வழுக்குகிறதா என்று சொல்லிவிடுவார். அந்த ஆடியில் எங்கள் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. நாலாவது பாத்தி நிறைகிற நேரம், இஞ்சின் இரண்டு தரம் இருமியது. சத்தம் தேய்ந்தது, நின்றது. தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நூலாகி, சொட்டாகி, ஓய்ந்தது. சட்டென்று குருவிச் சத்தமெல்லாம் கேட்டது.

மாமா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். டீசல் டாங்கியிலிருந்து வரும் பைப்பின் நட்டை ஸ்பானரால் தளர்த்தி, பைப்பைக் கழற்றி, ஒரு முனையை வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்பியது, காற்றுப் போகவில்லை. டீசலைத் துப்பிவிட்டு மறுபடி ஊதினார். ‘பிசுக்’ என்று ஏதோ தெறித்து என் முழங்காலில் விழுந்தது. அரிசி அளவுகூட இல்லை. தொட்டுப் பார்த்தேன். ஏதோ பூச்சியின் இறக்கை, டீசலில் ஊறிக் கறுத்துப் போயிருந்தது. என் விரல் நுனியில் அது ஒட்டிக்கொண்டு மினுங்கியது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

“மாமா, இதே மாதிரிதான் ரஷ்யாவுல ஒரு விமானம் விழுந்துச்சு.”

சொன்னேன். மாமா சிரிக்கவில்லை. வேஸ்ட் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே முழுசும் கேட்டார்.

“ஒத்த இஞ்சின் வச்சிருக்கவன் ராத்திரி தூங்க மாட்டான் மாப்ள. தோட்டம் நின்னா நாளைக்குப் பாய்ச்சிக்கிடலாம். அவரு பாவம், ஆகாசத்துல என்ன செய்வாரு?”

“அதான் மாமா நாலு இஞ்சின் வச்சுட்டாரு. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு.”

அவர் கை நின்றது. கண்ணை இடுக்கிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே பார்த்தார். பிறகு கேட்ட கேள்விதான் இத்தனை வருஷம் கழித்தும் என்னை இதையெல்லாம் எழுதச் சொல்கிறது.

“ஒரு பக்கத்து இஞ்சின் நின்னா மத்தப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போயிராதா? வண்டியில ஒத்த மாடு படுத்துக்கிட்டா வண்டி ஒரு பக்கமாத் திரும்புமே, அது மாதிரி?”

பின்னாளில் வாசித்துத்தான் அறிந்தேன். 1913இல் விமானம் தெரிந்தவர்கள் பலர் சிகோர்ஸ்கிக்கு எதிராக எழுப்பிய கேள்வி இதேதான். ஒரு இஞ்சின் நின்றால் மறுபக்கத்து இஞ்சின்கள் விமானத்தைச் சுழற்றி அடித்துவிடும், இத்தனை பெரிய விமானம் ஆகவே ஆகாது என்றார்கள். சிகோர்ஸ்கிக்கே அதில் முழு நிச்சயம் இருக்கவில்லை. முதலில் இரண்டு இஞ்சினோடு பறந்து பார்த்தார். பிறகு அதே இரண்டின் பின்னால் இன்னும் இரண்டை முதுகோடு முதுகாக வைத்தார். ஒன்று நின்றாலும் இழுப்பு ரொம்ப விலகிப் போகாமல் நடுவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று. பறந்து பறந்து பார்த்து, வால் சுக்கானைத் திருப்பியே சமாளிக்கலாம் என்று கைக்குப் பிடிபட்ட பிறகுதான் நான்கையும் கீழ் இறக்கையில் ஒரே வரிசையாகக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் 100 குதிரைத்திறன், ஜெர்மனியின் ஆர்கஸ் இஞ்சின். வேண்டுமென்றே வானத்தில் ஒரு இஞ்சினை நிறுத்திப் பார்த்தார். அப்புறம் ஒரே பக்கத்து இரண்டையும் நிறுத்திப் பார்த்தார். விமானம் சொன்னபடி கேட்டது. ஐந்தாம் வகுப்புப் படித்த என் மாமா, மாட்டு வண்டியை வைத்து அந்தக் கேள்விக்கு ஒரே நிமிஷத்தில் வந்து சேர்ந்தார்.

மாமாவின் கேள்வியை ஏர்போர்ஸ் சாரிடம் கொண்டுபோனேன். அவர் பதிலை மாமாவிடம் கொண்டுவந்தேன். இருவரும் ஒருவரையொருவர் தெருவில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி, நின்று பேசிக்கொண்டதில்லை. அந்த ஆடியிலும் ஆவணியிலும் அவர்களுக்கு நடுவே நான் ஓடிக்கொண்டிருந்தேன். ‘வால்ல சுக்கான் வச்சுத் திருப்பிக்கிடலாமாம்’ என்று சொன்னதற்கு மாமா, ‘அப்ப சுக்கான் பெரிசா இருக்கணுமே’ என்றார். அதையும் கொண்டுபோனேன். ஏர்போர்ஸ் சார் சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “உங்க மாமா படிச்சிருக்கணும்ல” என்று சொன்னார். அதை மட்டும் நான் மாமாவிடம் சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அவருக்கு வலிக்கும் என்று அந்த வயதிலேயே பட்டிருக்க வேண்டும்.

விமானத்தைச் செய்துவிடுவது என்று முடிவானது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சோளத்தட்டை இருந்தால் போதும், வண்டி, தேர், வீடு எல்லாம் வந்துவிடும். தட்டையின் மேல்தோலை நகத்தால் உரித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று நெட்டி. உரித்த தோலையே ஈர்க்காகச் சீவி, நெட்டியில் குத்திக் குத்தி இணைக்க வேண்டியதுதான். இரண்டு பரணும் வந்தது, தாங்குகாலும் வந்தது. கண்ணாடி வீட்டுக்குப் புகைப்படக் கடையில் தூக்கிப்போட்ட பிலிம் துண்டு. திண்ணைக்குத் தீப்பெட்டியின் உள்தட்டு, கைப்பிடிச் சட்டத்துக்கு மருந்து முக்காத தீக்குச்சி. அக்கா வீட்டிலேயே தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்குகிறவள் என்பதால் குச்சிக்குப் பஞ்சமில்லை, ஆனால் எண்ணித்தான் கொடுப்பாள். இஞ்சினுக்கு நாலு புளியங்கொட்டை வைத்தேன். மாமா பார்த்துவிட்டு, “இஞ்சின்னா சுத்த வேண்டாமா?” என்று கேட்டு, பனையோலையைக் கிழித்து நாலு காற்றாடி மடித்து, கருவேல முள்ளில் கோத்துக் குத்திக் கொடுத்தார். அவர் கைவிரல் ஒவ்வொன்றும் என் மணிக்கட்டுத் தடிமன். அந்த விரலால் அத்தனை சின்ன ஓலையை எப்படி மடித்தார் என்பது இன்றைக்கும் எனக்கு வியப்பு.

சாயங்காலம் கிணற்று மேட்டுக்குக் கொண்டுபோனோம். ஆடிக் காற்று பொட்டலில் புழுதியைச் சுருட்டிக்கொண்டு வந்தது. விமானத்தைக் காற்றுக்கு எதிராகப் பிடித்தேன். நாலு காற்றாடியும் ஒரே மூச்சில் ‘ர்ர்’ரென்று சுற்றின. கையில் ஓர் உதறல் ஏறியது, உயிருள்ள எதையோ பிடித்திருக்கிற மாதிரி. “ஒண்ண நிறுத்திப் பாரு” என்றார் மாமா. ஓரத்துக் காற்றாடியை விரலால் பிடித்தேன். மற்ற மூன்றும் சுற்றிக்கொண்டே இருந்தன. இன்னொன்றையும் பிடித்தேன். இரண்டு சுற்றின. நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தோம்.

ரஸ்கி வித்யாஸ் எப்படி முடிந்தது என்பதை ஏர்போர்ஸ் சார் எனக்கு உடனே சொல்லவில்லை. அந்த ஆகஸ்டில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு 1 மணி 54 நிமிஷம் வானத்திலேயே நின்றதைச் சொன்னார். ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலாய் நேரில் வந்து, ஏணியில் ஏறி உள்ளே போய்ப் பார்த்து, சிகோர்ஸ்கிக்குத் தங்கக் கடிகாரம் கொடுத்ததைச் சொன்னார். காலாண்டுப் பரீட்சை முடிந்த பிறகுதான் மீதியைச் சொன்னார்.

1913 செப்டம்பர். ராணுவ விமானப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ரஸ்கி வித்யாஸ் தரையில் சும்மா நிற்கிறது, உள்ளே ஆள் இல்லை. மேலே வேறொரு விமானம் போகிறது. அதன் இஞ்சின் கழன்றுகொண்டு, வானத்திலிருந்து நேராக விழுந்து, ரஸ்கி வித்யாஸின் இறக்கையைப் பிளந்துவிட்டது. இஞ்சின் இல்லாத அந்த விமானத்தை ஓட்டியவர் பத்திரமாகத் தரையிறங்கிவிட்டார். அடிபட்டது நின்றுகொண்டிருந்தது மட்டும்தான்.

நான் அழுதேன். கடையில் ஆள் இருந்தது, இருந்தும் அழுதேன். இஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்பதையே நினைத்து நினைத்துச் செய்த விமானம், வேறு எவருடையதோ ஒரு இஞ்சின் தலையில் விழுந்து போவது என்றால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது? ஏர்போர்ஸ் சார் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. கைக்குட்டையைக் கொடுத்தார். “அவரு அதச் சரிபண்ணல. அதவிடப் பெரிசா அடுத்தத செய்ய ஆரம்பிச்சிருந்தாரு” என்றார். அடுத்ததன் பெயர் இலியா முரோமெத்ஸ். ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் வரும் பலசாலி. அந்த டிசம்பரிலேயே பறந்தது. 1914 பிப்ரவரியில் 16 பேரையும் ஒரு நாயையும் ஏற்றிக்கொண்டு பறந்தது. அந்த நாயைக் கேட்டுத்தான் நான் அழுகையை நிறுத்தினேன்.

வருஷங்கள் போயின. படித்தேன், வேலைக்கு வந்தேன். சென்னையில் ஒரு நூலகத்தில், சிகோர்ஸ்கி 1938இல் எழுதிய சுயசரிதை கையில் கிடைத்தது. பிடித்த இடத்தில் உட்கார்ந்து சாயங்காலம்வரை வாசித்தேன். பதினோரு வயது வாக்கில் அவருக்கு ஒரு கனவு வந்திருக்கிறது. குறுகலான நடை. இரு பக்கமும் வால்நட் மரக் கதவுகள். காலடியில் கம்பளம், மேலே நீல வெளிச்சம். கால்வழியே இலேசாக ஓர் அதிர்வு ஏறுகிறது. அது தரையில் ஓடும் வண்டியின் அதிர்வும் அல்ல, கப்பலின் அதிர்வும் அல்ல, பறக்கும் ஏதோ ஒன்றினுடையது என்று கனவிலேயே அவருக்குத் தெரிகிறது. வீட்டில் சொன்னால், அப்படிப்பட்ட யந்திரம் உலகத்தில் கிடையாது என்கிறார்கள். முப்பது வருஷம் கழித்து, 1931இல், அமெரிக்காவில் தான் செய்த பெரிய பறக்கும் படகுக்குள் நடந்து போகும்போது திரும்பிப் பார்க்கிறார். அதே நடை, அதே மரக் கதவு, அதே வெளிச்சம். நானும் பதினோரு வயதில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன் என்று நினைத்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பகுதியைத் தனியாக எழுதி எடுத்துக்கொண்டேன். மாமாவுக்காக.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமா திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். ஆயில் இஞ்சின்களெல்லாம் போய் கரண்டு மோட்டார் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கண் மங்கிவிட்டது, காது தெளிவு. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

1914 ஜூன் கடைசி. சிகோர்ஸ்கியும் மூன்று பேரும் இலியா முரோமெத்ஸில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கீவுக்குக் கிளம்புகிறார்கள். 1,200 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம், நடுவில் ஓர்ஷாவில் மட்டும் இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்வது. காலையில் உள்ளே மேசை போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஓர்ஷாவிலிருந்து ஏறிய பிறகு ஒரு இஞ்சினின் பெட்ரோல் பைப் உடைந்துவிட்டது. பெட்ரோல் ஒழுகி, தீப்பிடித்தது. இறக்கை முழுக்கத் துணியும் மரமும். உள்ளே இருந்தவர்களில் இரண்டு பேர் கதவைத் திறந்துகொண்டு இறக்கையின் மேலே போனார்கள்.

“இறக்க மேலயா? பறக்கும்போதேவா?”

“ஆமா மாமா. மெக்கானிக் நடந்துபோய் இஞ்சினத் தொடணும்னே கீழ் இறக்கையில பலகை போட்டு, பிடிச்சுக்கக் கம்பி கட்டியிருந்தாரு. போயி, போட்டிருந்த கோட்டக் கழத்தி அடிச்சே தீய அணைச்சுட்டாங்க.”

மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். மடியிலிருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது, கவனிக்கவில்லை.

அந்தப் பலகைதான் எனக்குச் சிகோர்ஸ்கி. நாலு இஞ்சின் வைத்தது பெரிய காரியம்தான். ஆனால் இஞ்சின் என்றால் ஒருநாள் நிற்கும், பைப் என்றால் ஒருநாள் அடைக்கும், அப்போது அதன் பக்கத்தில் போக ஒரு மனிதனுக்கு வழி இருக்க வேண்டும் என்று ஆகாயத்தில்கூட ஒருவர் நினைத்திருக்கிறார். மாமாவைப் போன்றவர்களுக்கு அவர் ஓர் இடம் வைத்திருந்தார். கிணற்று மேட்டில் குந்தி உட்கார்ந்து பைப்பை வாயில் வைத்து ஊதிய மனிதருக்கு, 1914ஆம் வருஷத்து விமானத்தின் இறக்கையில் கால் வைக்க இடம் இருந்தது.

“கீழ விழலையே?”

“இல்ல மாமா. இறக்கி, பைப்பச் சரிபண்ணி, மறுநாள் காலையிலயே கிளம்பிட்டாங்க. கீவ் போய்ச் சேர்ந்து, திரும்பியும் வந்துட்டாங்க.”

மாமா தலையை ஆட்டினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருவில் பொங்கலுக்கு வாங்கிய கரும்பை இழுத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடின. அவருக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

“பைப்பு எந்த இடத்துல உடைஞ்சது மாப்ள? டாங்கிப் பக்கமா, இஞ்சின் பக்கமா?”

“இஞ்சின்கிட்டதான் இருக்கணும் மாமா.”

“அப்படித்தான் இருக்கும். அதிர்ற எடத்துலதான் விடும்” என்றார். அவர் வலதுகைப் பெருவிரல், ஆள்காட்டி விரலின் நுனியில் போய் அழுத்தி நின்றது. எண்ணெய் ஒழுகும் பைப்பின் வாயை அடைக்கும்போது அப்படித்தான் பிடிப்பார். நான் எழுந்து விளக்கைப் போடும்வரை அந்த விரலை அவர் எடுக்கவில்லை.